ஒரே காடு, ஒரே கத்தி. கூலி மட்டும் வேறாவது ஏன்?

சம்பள நாளன்று தோட்டங்களில் தவறாமல் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. "அவருக்கும் இரண்டு கைகள், எனக்கும் இரண்டு கைகள், அவருக்கு மட்டும் ஏன் அதிகம்?" என்பதே அக்கேள்வி.

சிரம்பானை அடுத்த தோட்டமொன்றில் வாழும் ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். தந்தை செம்பனைக் குலை அறுக்கிறார். தாய் அவருடன் காட்டுக்குச் சென்று உதிரிப் பழங்களைப் பொறுக்குகிறார். மூத்த மகன் செனாவாங் தொழிற்பேட்டையில் இயந்திரம் இயக்குகிறான். இளைய மகள் ஐந்தாம் படிவத் தேர்வை எழுதிவிட்டு, மேற்கொண்டு படிப்பதா, வேலைக்குப் போவதா என்று யோசித்துக் கொண்டிருக்கிறாள். ஒரே அடுக்களையில் உலை வைக்கும் இக்குடும்பத்தில் தந்தையின் வருமானம் ஒரு விதம். மகனுடையது வேறு விதம். தாயின் உழைப்புக்கோ தனிக் கணக்கே இல்லை. மகள் எடுக்கப் போகும் முடிவோ அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு அவளுடைய வருமானத்தை நிர்ணயிக்கப் போகிறது.

நம் நாட்டில் எவரும் எவரிடத்திலும் வேலை தேடலாம். முதலாளிகளும் ஆட்களுக்காக ஒருவரோடொருவர் போட்டியிடுகின்றனர். அப்படியிருந்தும் கூலியில் ஏற்றத்தாழ்வு நீங்காமல் நிற்பதற்குக் காரணம் என்ன? இவ்விதழில் நாம் ஆராயப் புகுவது இதனையே.

நீர் தன் மட்டத்தைத் தேடும்

பொருளாதார நூல்கள் கூறும் நியாயம் எளிதானது. ஒரு தோட்டம் குறைந்த கூலி கொடுத்தால், அங்குள்ளோர் கூடுதலாகக் கொடுக்கும் அண்டைத் தோட்டத்துக்குப் போய்விடுவர். ஆளிழந்த தோட்டம் கூலியை உயர்த்தியாக வேண்டும். ஆள் மிகுந்த தோட்டத்துக்கு உயர்த்தவேண்டிய தேவை இராது. இவ்வாறு, மேட்டிலும் பள்ளத்திலும் ஊற்றிய நீர் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்பதுபோல, ஒரே வேலைக்கு எங்கும் ஒரே கூலி அமைந்துவிடும் என்பது ஏட்டின் கூற்று.

எல்லா வேலைக்கும் ஒரே கூலி என்று அந்த ஏடும் கூறவில்லை. 1776ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து அறிஞர் ஆடம் ஸ்மித், நாடுகளின் செல்வத்தைப் பற்றி எழுதிய தம் பெருநூலில், கூலி வேறுபடுவதற்கு 5 காரணங்களை எடுத்துரைத்தார். வேலை இனியதா, இன்னல் மிக்கதா என்பது ஒன்று. அதனைக் கற்க ஆகும் செலவு இரண்டாவது. ஆண்டு முழுதும் கிடைக்குமா, இடையில் நின்றுவிடுமா என்பது மூன்றாவது. ஏற்கவேண்டிய நம்பிக்கைப் பொறுப்பு நான்காவது. அத்தொழிலில் வெற்றி பெறும் வாய்ப்பு ஐந்தாவது.

தோட்ட வாழ்க்கையிலிருந்தே இவற்றுக்குச் சான்று காட்டலாம். கிராணி எழுத்தும் கணக்கும் கற்றவர்; கற்ற காலத்துக்கு அவருக்கு ஈடு வேண்டும். மண்டோர் பலருடைய வேலைக்குப் பொறுப்பேற்பவர். மருந்து அடிப்பவர் உடல்நலத்துக்குக் கேடு நேரக்கூடிய வேலையைச் செய்பவர். இவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதை எவரும் அநீதி என்று சொல்லமாட்டார்.

ஆயினும் இதே அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு ரப்பர்க் காட்டுக்குள் சென்று பார்ப்போம். பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன் எழுகிறார். மழை பெய்தால் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறைகிறது. பட்டையில் ஆழமாகக் கத்தி பட்டுவிட்டால் மரம் காயப்படும். ஆகவே கைத்திறன் வேண்டும். பாம்பும் கொசுவும் அட்டையும் உடன் இருக்கின்றன. ஸ்மித்தின் கணக்குப்படி, இன்னலும் நிச்சயமின்மையும் இத்தனை கூடிய வேலைக்குக் கூலி மிகுந்திருக்க வேண்டும். தோட்ட வரலாறு இதற்கு நேர்மாறாகவே இருந்துவந்துள்ளது. ஆகவே அந்த 5 காரணங்களுக்கு அப்பாலும் காரணம் இருத்தல் வேண்டும்.

ஐம்பது காசும் நாற்பது காசும்

போருக்கு முந்திய மலாயாவின் கூலிக் கணக்கு இதற்கு நல்ல விளக்கம் தரும். இந்தியத் தொழிலாளரைத் தருவிப்பதற்காக 1907ஆம் ஆண்டில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் அதில் அமர்ந்திருந்தனர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், இந்தியத் தொழிலாளருக்கு நிலையான கூலியை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அக்குழுவுக்கு அளித்தது. ஒரு தொழிலாளிக்கு ஒரு மாதத்தில் எவ்வளவு அரிசி, எத்தனை முழத் துணி, எவ்வளவு உப்பு, புளி, மிளகாய் தேவைப்படும் என்று பட்டியலிட்டே அக்கூலி கணக்கிடப்பட்டது. குறிப்பிட்ட சில பகுதிகளுக்கென அது அறிவிக்கப்பட்ட போதிலும், மற்ற இடத்துத் தோட்டங்களும் பெரும்பாலும் அதனையே பின்பற்றின.

1920களின் பிற்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி இருந்தது. ரப்பர் விலை சரிந்த 1930ஆம் ஆண்டில் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பின்னர் மேலும் தாழ்ந்தது. இந்தியாவிலிருந்து சீனிவாச சாஸ்திரியார் 1936ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்து நிலைமையை ஆராய்ந்து, பழைய 50 காசையும் 40 காசையும் திரும்பக் கொடுக்கவேண்டுமெனப் பரிந்துரைத்தார். அவ்வாறே உயர்த்தப்பட்ட கூலி, 1938இல் 45 காசாகவும் 36 காசாகவும் மீண்டும் வெட்டப்பட்டது. அதன் விளைவாக இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில், உதவி பெற்றுக் குடியேறும் முறையைத் தடை செய்தது.

இந்த எண்களைச் சற்று உற்று நோக்குவோம். 50க்கு 40; 40க்கு 32; 45க்கு 36. ரப்பர் விலை ஏறினாலும் இறங்கினாலும், பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது இம்மூன்று தடவையிலும் மாறவில்லை. அவள் வெட்டிய மரம் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகப் பால் சுரந்ததா? அவ்வாறு எவரும் அளந்து பார்த்து இக்கூலியை நிர்ணயிக்கவில்லை. பெண்ணின் தேவை குறைவு, அவளுடைய வருமானம் குடும்பத்துக்குத் துணை வருமானம் என்ற எண்ணமே கணக்காக மாறி நின்றது.

அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு வாதத்தை முன்வைத்தார். ஒரே அளவு வேலை செய்யும் பெண்களுக்குக் கூலி குறைவென்றால், இலாபத்தை நாடும் முதலாளி பெண்களையே மிகுதியாக அமர்த்த முற்படுவார். மற்றவர்களும் அவ்வாறே செய்யப் புகுந்தால் பெண்களின் கூலி தானாக உயரும். பாகுபாடு காட்டுகிறவருக்கு நட்டமே மிஞ்சும் என்பது அவ்வாதத்தின் சாரம். இது ஏன் நம் தோட்டங்களில் நடக்கவில்லை? எல்லா முதலாளிகளும் ஒரே கூலிப் பட்டியலைக் கையில் வைத்திருந்தனர். 41 காசு கொடுத்து அண்டைத் தோட்டத்துப் பெண்ணை அழைக்க எவரும் முன்வரவில்லை. போட்டி என்பது பெயரளவில் இருந்தது. கூலியோ கூடிப்பேசி வைத்த கூலியாக இருந்தது. முதலாளிமார் கூலியை உயர்த்தாதிருக்க அமைதியாக ஒன்றுபட்டு நிற்பர் என்பதை ஆடம் ஸ்மித்தும் தம் காலத்திலேயே கண்டு எழுதியிருக்கிறார்.

இன்னொரு வேறுபாடும் அந்நாளில் இருந்தது. சீனத் தொழிலாளர்கள் தங்கள் தலைவர் மூலம் குத்தகைக்கு வேலை பேசினர். கூலி ஒத்துவராவிட்டால் ஈயச் சுரங்கத்துக்கோ, பட்டணத்துக்கோ, வேறு தோட்டத்துக்கோ போய்விடுவர். அவர்களுக்குக் கிடைத்த ஊதியம் பொதுவாக இந்தியத் தொழிலாளரின் கூலியைவிட மிகுந்தே இருந்தது. 1941ஆம் ஆண்டில் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலை நிறுத்தத்தின்போது, சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளுள் ஒன்றாக விளங்கியது. காடும் கத்தியும் இருவருக்கும் ஒன்றே. ஒருவரால் விட்டுப்போக முடிந்தது, மற்றவரால் முடியவில்லை. கூலி வேறுபட்டதன் பெருங்காரணம் இதுவே.

வீடு என்னும் கட்டு

விட்டுப்போக முடியாமை என்பதை நாம் சற்று விரிவாகக் காணவேண்டும்.

தோட்டத் தொழிலாளி குடியிருந்தது லயத்து வீடு. அது தோட்டத்தாருடையது. தண்ணீரும் விறகும் தோட்டத்தாருடையவை. பிள்ளை படித்த தமிழ்ப் பள்ளி தோட்டத்துக்குள் இருந்தது. கோயிலும் அங்கேயே இருந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும். வீட்டை விட்டால் பள்ளி, கோயில், அண்டை அயல், உற்றார் உறவினர் அனைத்தையும் விடவேண்டும். அடுத்த தோட்டத்தில் நாளொன்றுக்கு 2 காசு கூடுதலாகக் கொடுத்தாலும், அந்த 2 காசுக்காகக் குடும்பத்தோடு பெயர்ந்து செல்வது இயலும் காரியமா?

1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் அம்மையார் இத்தகைய நிலையைத் தம் நூலில் விளக்கினார். ஒரு பொருளை விற்பவர் ஒருவராகவே இருந்தால் அவர் விலையை ஏற்றி வைப்பார் என்பது அனைவரும் அறிந்ததே. உழைப்பை வாங்குபவர் ஒருவராகவே இருந்தால் அவர் அதன் விலையைத் தாழ்த்தி வைப்பார் என்பது அதன் மறுபக்கம். நாட்டில் ஆயிரம் தோட்டங்கள் இருக்கலாம். ஆனால் லயத்து வீட்டில் இருப்பவருக்கு உழைப்பை வாங்குபவர் நடைமுறையில் ஒருவரே. ஏட்டில் இருக்கும் போட்டி அவருடைய வாசற்படிக்கு வந்து சேர்வதில்லை.

கல்வியும் இவ்வாறே கட்டாக அமைந்தது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது, அது நன்மையே. ஆயினும் தொடக்கக் கல்விக்கு மேல் படிக்க வேண்டுமாயின் பட்டணத்துக்குச் செல்லவேண்டும். பேருந்துக் கட்டணமும் சீருடையும் புத்தகமும் தினக்கூலிக் குடும்பத்துக்குப் பெரும் பாரம். ஆகவே வெட்டுக்காரரின் பிள்ளை வெட்டுக்காரராகவே வளர்ந்தது. திறமை குறைந்ததால் அல்ல; தோட்டத்தை விட்டு வெளியேறும் பாதை குறுகலாக இருந்ததால்.

கடலுக்கு அப்பாலுள்ள கிராமம்

உற்பத்தி பெருகினால் கூலியும் பெருகும் என்று சொல்வதுண்டு. ரப்பர்த் தொழிலில் உற்பத்தி பெருகாமல் இல்லை. விதையிலிருந்து வளர்ந்த பழைய மரங்கள் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 500 இராத்தல் ரப்பர் தந்தன. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு மரங்கள் அதைப்போல் இரு மடங்கும் மும்மடங்கும் தந்தன. தொழிலாளியின் கூலி இரு மடங்கும் மும்மடங்குமாக அதனோடு உயரவில்லை என்பதை மூத்த தோட்ட மக்கள் அறிவர்.

இதற்கு விடை கூறியவர் ஆர்தர் லூயிஸ். மேற்கிந்தியத் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்து, 1979ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 1954ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையின் கருத்தை நம் நிலைமைக்குப் பொருத்திச் சொல்வதானால் இவ்வாறு வரும்: தோட்டத்தில் ஒருவர் எவ்வளவு உற்பத்தி செய்கிறார் என்பது அவருடைய கூலியை நிர்ணயிப்பதில்லை. அவருடைய இடத்தில் வந்து நிற்கக் காத்திருப்பவர் தம் சொந்தக் கிராமத்தில் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதே நிர்ணயிக்கிறது. வறண்ட நிலத்தில் உழுது பாதி வயிறு நிரம்பும் குடியானவர் அதைவிடச் சிறிது கூடுதலாகக் கிடைத்தாலே கப்பலேறி வந்துவிடுவார். அத்தகையோர் வந்துகொண்டே இருக்கும்வரை, மரம் எவ்வளவு பால் சுரந்தாலும் கூலி அந்த எல்லையிலேயே நிற்கும். பெருகிய உற்பத்தியின் பலன், விலை குறைந்த ரப்பராக மாறி, வெளிநாடுகளில் டயர் வாங்குவோரைச் சென்றடையும்.

1938ஆம் ஆண்டு வரை அந்தக் கிராமம் தமிழ்நாட்டில் இருந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணி மூலமாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளுமே இன்று நம்மிடையே வாழ்கின்றனர். பின்னாளில் அந்தக் கிராமம் வேறு கரைக்கு மாறியது. 1984ஆம் ஆண்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் தொழிலாளர் வருகை குறித்து மேடான் நகரில் உடன்பாடு செய்துகொண்டன. அதன்பின் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தனர்.

நெகிரி செம்பிலானில் இதன் போக்கை நாம் கண்ணாரக் கண்டோம். சிரம்பானிலும் செனாவாங்கிலும் நீலாயிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. 1998ஆம் ஆண்டில் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. லாபு, நீலாய் வட்டாரத்து இளைஞர்களுக்குத் தோட்டத்துக்கு வெளியே வேலை கிடைத்தது. ஏட்டில் உள்ள நியாயப்படி, ஆளிழந்த தோட்டங்கள் கூலியை உயர்த்தி அவர்களைத் தக்கவைத்துக் கொள்ள வேண்டும். நடந்தது வேறு. வெளியேறியவரின் வருமானம் உயர்ந்தது. அவர் விட்டுச்சென்ற வேலையின் கூலியோ பெரிதும் அசையவில்லை. வெற்றிடத்தை அயல்நாட்டுத் தொழிலாளர் நிரப்பினர்.

அவ்வாறு வந்தவருக்கு வேலை அனுமதிச் சீட்டு ஒரே முதலாளியின் பெயரில் வழங்கப்படுகிறது. அந்த முதலாளியை விட்டால் நாட்டையே விடவேண்டும். நம் பாட்டனாரை லயத்து வீடு கட்டிப்போட்டது. இன்று வருபவரை அனுமதிச் சீட்டு கட்டிப்போடுகிறது. அவர் குறைந்த கூலிக்கு இசைவது நம்மீது கொண்ட பகையால் அன்று. அவருக்கு வேறு வழியில்லை. அவருடைய கூலி தாழ்ந்தால் அந்தப் பள்ளத்தில் நம்முடைய கூலியும் சரியும் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

எல்லா முதலாளியும் ஒருவரல்லர்

தொழிற்சாலையில் வேலை செய்யும் மகனுக்குக் கூடுதல் ஊதியம் ஏன் என்பதற்கும் விடை காண்போம். 1914ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு தம் கார்த் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு 5 டாலர் கொடுக்கப் போவதாக அறிவித்தார். அதுவரை கொடுத்ததைப்போல் அது ஏறத்தாழ இரு மடங்கு. தருமச் சிந்தை மட்டும் இதற்குக் காரணமன்று. அவருடைய தொழிற்சாலையில் ஆட்கள் நிலைத்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தனர். புதியவரைப் பழக்குவதில் பணம் விரயமாயிற்று. விலையுயர்ந்த இயந்திரத்தின்முன் நிற்பவர் ஒரு நாள் வராவிட்டால் இயந்திரம் முழுதும் நின்றுவிடும். அங்கே அவரைத் தக்கவைப்பது முதலாளிக்கே இலாபம்.

ரப்பர் மரமோ, செம்பனையோ அவ்வாறன்று. இன்று வெட்டாத மரத்தை நாளை வெட்டலாம். ஒருவர் வராவிட்டால் மற்றொருவர் அவருடைய நிரையை வெட்டுவார். ஃபோர்டின் கார் ஓடியது நம் பாட்டனார் வெட்டிய பாலில் செய்த டயரில்தான் என்றாலும், அவருடைய 5 டாலர் கார் செய்தவர் கையோடு நின்றுவிட்டது. பால் வெட்டியவர் கைக்கு வரவில்லை.

இடைவெளியைக் குறுக்கியவை

போட்டி தானாகச் செய்யாததைச் செய்தவை எவை? முதலாவது, சங்கம். போர் முடிந்தபின் நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கம் உருப்பெற்றது. அதில் முன்னின்று உழைத்தவர்களுள் பி.பி. நாராயணன் ஒருவர். 1954ஆம் ஆண்டில் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அவரே அதன் முதல் பொதுச் செயலாளரானார். கூலிப் பட்டியலை ஒரு தரப்பார் மட்டும் எழுதிவைத்த காலம் அத்துடன் முடிவுற்றது. முதலாளிகள் ஒன்றாய் நின்று பேசிய இடத்தில் தொழிலாளரும் ஒன்றாய் அமர்ந்தனர். ஆயினும் கூலி ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்ததால், விலை சரிந்த காலங்களில் தொழிலாளியின் உலையும் தணிந்தது.

இரண்டாவது, சட்டம். 2011ஆம் ஆண்டில் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் நிறைவேறியது. 2013ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி, தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 வெள்ளி என்பது நடைமுறைக்கு வந்தது. 2016இல் 1,000, 2019இல் 1,100, 2022இல் 1,500 என உயர்ந்து, 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. ஆண், பெண், உள்நாட்டார், அயல்நாட்டார் என்ற பேதம் தோட்டத் தொழிலாளருக்கான இந்த ஆணையில் இல்லை.

இடையே 2020ஆம் ஆண்டில் ஒரு விசித்திரம் நேர்ந்தது. மாநகராட்சி, நகராட்சி எல்லைகளுக்குள் 1,200 வெள்ளி என்றும், பிற இடங்களில் 1,100 வெள்ளி என்றும் நிர்ணயிக்கப்பட்டது. சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் ஒரு தொகை. ரெம்பாவிலும் கோலப்பிலாவிலும் வேறு தொகை. குலையின் எடையோ, மரத்தின் உயரமோ மாறவில்லை. வரைபடத்துக் கோடு ஒன்று 100 வெள்ளி வேறுபாட்டை உண்டாக்கியது. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கோடு அழிக்கப்பட்டது. கூலி வேறுபாடுகளுள் பல இயற்கை விதித்தவை அல்ல, மனிதர் வரைந்தவை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

சம்பளத்தை உயர்த்தினால் வேலை போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. இக்கேள்வியை அமெரிக்கப் பேராசிரியர்களான டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் நேரில் ஆராய்ந்தனர். 1992ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலியை 5.05 டாலராக உயர்த்தியது. அண்டை மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. எல்லையின் இருபுறமும் உள்ள உணவகங்களை ஒப்பிட்டபோது, கூலி உயர்ந்த பக்கத்தில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. கார்டுக்கு 2021ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எவ்வளவு உயர்த்தினாலும் தீங்கில்லை என்பது இதன் பொருளன்று. விட்டுப்போக முடியாதவரின் கூலி உரிய மட்டத்துக்குக் கீழே அமுக்கப்பட்டிருந்தால், சட்டம் அதைத் தூக்கி நிறுத்தும்போது வேலைக்கு ஆபத்து நேர வேண்டுவதில்லை என்பதே பொருள்.

பட்டியலில் பெயர் இல்லாத தாய்

நாம் தொடக்கத்தில் கண்ட குடும்பத்துக்குத் திரும்புவோம். தாய் உதிரிப் பழம் பொறுக்குகிறார். அவர் பொறுக்கியதும் கணவர் அறுத்ததும் ஒரே கணக்கில், கணவர் பெயரில் எழுதப்படுகின்றன. பழைய 40 காசுக் காலத்தில் பெண்ணுக்குக் குறைந்த கூலியாவது அவள் பெயரில் இருந்தது. இங்கோ பெயரே இல்லை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான வேலைக்குச் சமமான ஊதியம் வழங்கும் கொள்கையை அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1951ஆம் ஆண்டில் ஒப்பந்தமாக வகுத்தது. இந்தியா 1976இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் 1984இல் ஆண், பெண் கூலி சமமாக்கப்பட்டது. மலேசியா 1997இல் அவ்வொப்பந்தத்தை ஏற்றது. ஆனால் சமக் கூலி என்ற உரிமையைக் கேட்பதற்கு முதலில் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லையேல் ஊழியர் சேமநிதி வாரியத்தில் அவருக்குச் சேமிப்பு இல்லை. காட்டில் வழுக்கி விழுந்தாலோ, மட்டை சரிந்து காயப்பட்டாலோ, பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இழப்பீட்டைக் கோரவும் வழி இல்லை. முப்பது ஆண்டுகள் உழைத்தபின் முதுமையில் அவர் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

நம் கையில் உள்ளவை

ஆகவே நாம் கண்ட முடிவு இது. போட்டி கூலியைச் சமப்படுத்தும் என்பது பொய்யன்று; விட்டுப்போகக் கூடியவருக்கு மட்டுமே அது மெய். எங்கும் செல்ல இயலும் என்ற நிலையில் உள்ளவருக்கே இருக்கும் இடத்திலும் மதிப்பு உண்டு. அந்நிலையை அடைவதற்குக் குடும்பங்கள் செய்யக்கூடியவற்றுள் சிலவற்றை இங்குக் கூறுவோம்.

முதலாவது, சம்பளச் சீட்டை மாதந்தோறும் படித்துப் பார்த்தல். குலைக் கணக்கிலோ, பால் எடைக் கணக்கிலோ ஊதியம் பெறுவோருக்கும் குறைந்தபட்சச் சம்பள ஆணை பொருந்தும். வேலை நாள்களில் முறையாக வேலைக்கு வந்த ஒருவரின் குலைக் கணக்கு 1,550 வெள்ளி என்றால், எஞ்சிய 150 வெள்ளியை முதலாளி ஈடுசெய்ய வேண்டும். கணக்குப் புரியாவிட்டால் தோட்டச் சங்கத் தலைவரிடம் கேட்கலாம். அங்கும் தெளிவு பிறக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவை நாடலாம்.

இரண்டாவது, காட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயரும் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்துதல். கணவரின் கணக்கில் சேரும் சில வெள்ளிகளைவிட, மனைவியின் பெயரில் சேரும் சேமநிதி நிலையானது.

மூன்றாவது, சொந்த வீடு. ஓய்வு பெறும் நாளில் லயத்து வீட்டைக் காலி செய்யும்படி கடிதம் வந்தபின் வீடு தேடுவது காலங்கடந்த செயல். வேலையில் இருக்கும்போதே சேமநிதியைக் கொண்டும், கிடைக்கும் வீட்டுடைமைத் திட்டங்களைக் கொண்டும் சிறு வீடாவது அமைத்துக் கொண்டவர், முதலாளியோடு பேசும்போது தலை நிமிர்ந்து பேசலாம்.

நான்காவது, மகளின் படிப்பு. ஐந்தாம் படிவத்தோடு நிறுத்தினால் நாளையே வருமானம் வரும் என்பது உண்மை. தொழில்திறன் சான்றிதழோ, பட்டமோ பெற்றால் ஒரு முதலாளியை மட்டும் நம்பி நிற்கவேண்டிய நிலை அவளுக்கு இராது என்பதும் உண்மை. அவளுடைய பாட்டியாருக்கு 40 காசு என்று பிறர் கூடி எழுதி வைத்தனர். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழியிருக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு அந்த வழி இருக்க வேண்டும். அதைத் திறந்துவிடும் பொறுப்பு இப்போது பெற்றோரின் கையில் இருக்கிறது.